திராட்சைத் தேசத்துத் திருவிழா

ஒயின் திருவிழாவைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்றதும், "ஐயையோ, குடிகாரக் கும்பலா! குடும்பப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! நமக்குப் பொங்கல் எப்படியோ, அப்படித்தான் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃபால்ஸ் பிரதேசத்தாருக்குத் திராட்சை அறுவடை. குழந்தை குட்டிகளோடு, பாட்டி தாத்தாவோடு வருகிறார்கள். ஒரு சொட்டு மது தொடாதவர்களுக்கும் அங்கே வயிறாரப் பருக ஒன்று உண்டு. புளிக்காத பச்சைத் திராட்சை ரசம்! நம் ஊர்க் கடைகளில் புட்டியில் விற்கிற ஊதா நிறச் சர்க்கரைத் தண்ணீரை மனத்தில் வைத்துக் கொள்ளாதீர்கள். அது வேறு, இது வேறு.

பிராங்க்பர்ட்டில் இறங்கி, மான்ஹைமில் ரயில் மாறினால் நாய்ஸ்டாட் என்ற ஊருக்குப் போய்விடலாம். வடக்கே போக்கன்ஹைமிலிருந்து தெற்கே பிரெஞ்சு எல்லையில் உள்ள ஷ்வைகன் வரையில் சுமார் 85 கிலோ மீட்டருக்கு "ஒயின் சாலை" என்றே ஒரு சாலை. ஒரு பக்கம் காடு அடர்ந்த குன்றுகள். மறு பக்கம் சமவெளி. நடுவில் கண்ணுக்கு எட்டிய மட்டும் திராட்சைக் கொடிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசை தப்பாமல் நிற்கின்றன. குன்றுகள் குளிர்காற்றைத் தடுத்து விடுவதால் அத்திப் பழமும் பாதாமும்கூட விளைகின்றன. ஜெர்மனியில் அத்திப் பழமா என்று நானும் ஆச்சரியப்பட்டேன்.

செப்டம்பர் மாதத்தில் இரண்டாவது, மூன்றாவது வார இறுதிகளில் பாட் டுயர்க்ஹைம் என்ற ஊரில் பெருஞ் சந்தை கூடுகிறது. பெயர் என்னவோ "சாஸேஜ் சந்தை". ஆனால் உலகத்திலேயே பெரிய ஒயின் திருவிழா என்று ஊரார் மார்தட்டிக் கொள்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் குன்றின் மேல் இருந்த மாதா கோயிலுக்கு, இல்லை, மிக்கேல் சம்மனசின் கோயிலுக்கு யாத்திரை வந்தவர்களுக்குக் குடியானவர்கள் தள்ளுவண்டியில் ஒயினும் ரொட்டியும் கொண்டு வந்து விற்றார்களாம். சாமி கும்பிட வந்த இடத்தில் சந்தை முளைப்பது நமக்குத் தெரியாததா? குறுகலான பெஞ்சு போட்ட சிறு கடைகளுக்கு இன்றும் தள்ளுவண்டிக் கடை என்றுதான் பெயர்.

அங்கே கொடுக்கும் கண்ணாடித் தம்ளர் அரை லிட்டர் பிடிக்கும். வெளிப்புறம் எல்லாம் குழி குழியாக இருக்கும். இறைச்சி தின்ற எண்ணெய்க் கையிலிருந்து வழுக்கி விழாமல் இருக்க இந்த ஏற்பாடு என்கிறார்கள். அது கிடக்கட்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒரே தம்ளரை மாற்றி மாற்றி வாய் வைத்துக் குடிக்கிறார்கள்! எச்சில் பார்க்கிற நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கண்டால் மயக்கம் போட்டு விடுவார்கள். "எனக்குத் தனித் தம்ளர்" என்று சிரித்துக் கொண்டே சொல்லி விடுங்கள். யாரும் கோபித்துக் கொள்வதில்லை.

அந்த ஊரில் 1934-ல் கட்டிய ராட்சத மரப் பீப்பாய் ஒன்று இருக்கிறது. கொள்ளளவு 17 லட்சம் லிட்டர். அதில் ஒரு நாளும் ஒயின் ஊற்றியதில்லை; உள்ளே சாப்பாட்டு ஹோட்டல் நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது "ஃபெடர்வைசர்" என்னும் இளம் ஒயினின் கதை. பிழிந்த ரசம் பொங்கிப் புளிக்கிற போதே விற்கிறார்கள். இட்லி மாவைச் சம்படத்தில் இறுக மூடி வைத்தால் என்ன ஆகும்? அதேதான்! ஆகையால் புட்டியை இறுக மூடுவதில்லை. வாங்கியவர்கள் கைக்குழந்தையைப் போல் நிமிர்த்திப் பிடித்துக் கொண்டு நடக்கிறார்கள். கூடவே வெங்காயப் பணியாரம் ஒன்று சுடச்சுடக் கிடைக்கும். சைவர்கள் ஜாக்கிரதை: பெரும்பாலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் சேர்த்திருப்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

தங்குவதற்கு டைடஸ்ஹைம் போன்ற சிற்றூர்களின் பழைய விடுதிகளையே சொல்வேன். கனத்த கல் சுவர், கல் வளைவு வாசல், அடியில் குளுகுளுவென்று ஒயின் நிலவறை. மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு படியும் ஒரு ராகம் பாடும். லிஃப்ட் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு விடுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கஷ்டம். அறையையும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். காலையில் ரொட்டி, ஜாம், பாலாடைக்கட்டி, அவித்த முட்டை என்று மேஜை நிறைந்து விடுகிறது. ஆனால் வாரத்தில் ஒரு நாள் சமையலறைக்கே ஓய்வு கொடுத்து விடுவார்கள். இந்தப் பழக்கத்தை நம் வீடுகளுக்கும் இறக்குமதி செய்தால் என்ன?

அவ்வூரின் "கன்னெ" என்ற சத்திரம் 1160-ஆம் ஆண்டுப் பெருமை பேசுகிறது. சந்தைச் சதுக்கத்து டைடஸ்ஹைமர் ஹோஃப் ஹோட்டலுக்கு 1989-ல் பிரதமர் ஹெல்முட் கோல், பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரை அழைத்து வந்து, பன்றி இரைப்பையில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்து வேக வைத்த தம் பிரதேசத்துப் பலகாரத்தை விருந்து வைத்தார். அந்த அம்மாள் தட்டைப் பார்த்த பார்வையை ஊகித்துக் கொள்ளுங்கள்!

ஹோட்டல் வேண்டாம் என்றால், திராட்சைக் குடியானவர் வீட்டிலேயே சாப்பிடலாம். வருஷத்தில் நான்கு மாதத்துக்கு மேற்படாமல், 40 பேருக்கு மேல் உட்கார வைக்காமல், சொந்த ஒயினையும் எளிய ஆகாரத்தையும் வீட்டில் விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. கடை திறந்திருப்பதற்கு அடையாளம், வாசலில் தொங்கும் பூங்கொத்து. பக்கத்து வூர்ட்டம்பர்க் பகுதியிலோ துடைப்பம்! நம் வீட்டு வாசலில் துடைப்பத்தை மாட்டினால் எந்த விருந்தாளி உள்ளே வருவார்?

இத்தனை குதூகலத்துக்கு நடுவே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இந்த ஒயின் சாலையை 1935 அக்டோபரில் திறந்து வைத்தவர், நாஜிக் கட்சியின் பிரதேசத் தலைவர் யோசெஃப் பியுர்க்கல். அப்போது விளைச்சல் அமோகம். வாங்கத்தான் ஆள் இல்லை. ஏன்? ஒயின் வியாபாரத்தில் பெரும் பங்கு யூதர்கள் கையில் இருந்தது. அவர்களைத் தொழிலை விட்டே விரட்டிக் கொண்டிருந்தார்கள். தேங்கிய சரக்கை விற்க ஜனங்களைச் சுற்றுலாவுக்கு இழுக்க வேண்டியிருந்தது. சாலைக்கு மாலை போட்ட அதே மனிதர், 1940 அக்டோபர் 22-ஆம் தேதி, இந்தப் பிரதேசத்திலிருந்தும் பக்கத்துப் பாடனிலிருந்தும் 6,500-க்கு மேற்பட்ட யூதர்களைப் பிடித்து, பிரான்ஸின் தென்கோடியில் உள்ள குர்ஸ் முகாமுக்கு ரயிலேற்றியவர்களில் ஒருவர். அதுவும் திராட்சை மாதம்தான். டைடஸ்ஹைமில் 1854-ல் கட்டிய யூதர் ஆலயம் தப்பிப் பிழைத்து நிற்கிறது. இப்போது அங்கே கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. வழிபட ஆள் இல்லை. ஐந்து நிமிஷம் ஒதுக்கி, அதையும் பார்த்து விட்டு வாருங்கள்.

அக்டோபரில் நாய்ஸ்டாட்டில் பெரிய ஊர்வலம். அலங்கார வண்டிகள், பாண்டு வாத்தியங்கள், கிரீடம் சூட்டிய திராட்சை ராணிகள். ஜெர்மனிக்கு என ஒரு திராட்சை ராணியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1949-ல் இந்தப் பக்கத்தில்தான் தொடங்கியது. வெறும் அழகுப் போட்டி என்று நினைக்காதீர்கள். சாகுபடி, நொதிப்பு எல்லாவற்றிலும் கேள்வி கேட்டுத் திணற அடிப்பார்கள். நல்ல வழக்கம்!

ஊர்வலம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூமி சூடேறி வருவதால் இப்போதெல்லாம் ஆகஸ்டு கடைசியிலேயே பறிக்கத் தொடங்கி விடுகிறார்கள். பல தோட்டங்களில் யந்திரமே பறிக்கிறது. கையால் பறிக்கும் இடங்களில் போலந்து, ருமேனியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் குனிந்து நிற்பார்கள். கொடியில் பழத்தையும் பார்க்க வேண்டுமானால் செப்டம்பரில் போங்கள். அக்டோபரில் போனால் குன்றுப் பாதைகளில் செஸ்ட்நட் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும். பொறுக்கி வந்து கீறி, வறுத்துத் தின்னலாம். குழந்தைகளுக்கு ஊர்வலத்தைக் காட்டிலும் அதுதான் பிடிக்கும்.