முப்பந்தலில் முளைத்த கம்பம்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வருகிறவர் காவல்கிணறு விலக்கு வரைக்கும் தூங்கலாம். அதற்குமேல் காற்று தூங்கவிடாது. ஜன்னலின் தார்ப்பாய்ப் படுதா படபடவென்று அடிக்கும். ஓரத்தில் இருப்பவர் முகத்தில் பொடிமணல் வந்து அறையும். கண்டக்டர் டிக்கெட் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, தெற்கே தேவசகாயம் பிள்ளை 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலை, நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாய். கேரளக் கரையில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிற தென்மேற்குக் காற்று கிழக்கே போக இந்த இடுக்கிலும் நுழையும். வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி முடிய அதன் ராஜ்ஜியம்தான்.

எங்கள் ஊர் அந்த ரோட்டோரத்து ஊர்களில் ஒன்று. வீடு கட்டினால் மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்கமாட்டார்கள். ஓலைக்கூரையைப் பனைநாரால் இறுக்கிக் கட்டி, அதற்குமேலும் நம்பிக்கை வராமல் இரண்டு கல்லைத் தொங்கவிடுவார்கள். கொடியில் துணி காயப்போட்டால் பனகுடியில் போய்த்தான் எடுக்கணும் என்பாள் பெரியம்மை. மேற்கே சைக்கிளில் போகிறவன் இறங்கி உருட்டுவான். கிழக்கே போகிறவனுக்கு மிதிக்கிற வேலையே இல்லை. முக்கு டீக்கடையில் அடுப்புக்கு மூன்று பக்கமும் தகரம். கடைக்கு மேற்கே ஆளுயரத்துக்குச் சாக்குப் படுதா. அந்த மறைவில் கிடந்த பெஞ்சில்தான் ஊர் விஷயமெல்லாம் அலசப்பட்டுத் தீர்ப்பாகும்.

எண்பதுகளின் நடுவில், ரோட்டுக்குத் தெற்கே வடலிக்காட்டுக்குள் ஒரு ஒல்லிக் கம்பம் நின்றது. அறுபது எழுபது அடி இருக்கும். நாலாபக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் மூன்று சின்னக் கிண்ணங்கள். ராப்பகலாக அவை சுற்றிக்கொண்டே இருந்தன. அடியில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. எப்போதாவது ஜீப்பில் ஒருவர் வருவார், பெட்டியைத் திறப்பார், எதையோ எடுத்துக்கொண்டு பூட்டிவிட்டுப் போவார். என்னவென்று கேட்டவர்களுக்கு அவர் சொன்னது ஒரே பதில்தான்: "கவர்மெண்டு வேலை."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்யும்? பெஞ்சு வேலையை ஆரம்பித்தது.

டி.வி.க்குத்தான் என்றார் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். அப்போது எங்கள் பக்கத்தில் டி.வி. வைத்திருந்த வீடுகளில் தென்னைமர உயரத்துக்கு ஆன்டெனா நிற்கும். இலங்கையின் ரூபவாஹினி பிடிப்பதற்காக. அதனால் அவர் சொன்னதை யாரும் சிரித்துத் தள்ளவில்லை. மழை அளக்கிற கிண்ணம் என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார். "சுத்துற கிண்ணத்துல எப்படி சார் தண்ணி நிக்கும்?" என்று பால்காரர் கேட்டதும் வாத்தியார் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நியாயமாகப் பார்த்தால் மற்றவர்களைவிட அவர்தான் உண்மைக்குப் பக்கத்தில் நின்றார். மழைக்குப் பதில் காற்று, அவ்வளவுதான்.

நாடு முழுக்க இப்படிக் கம்பம் நட்டுக் காற்றை அளந்த வேலையை முன்னின்று நடத்தியவர் அன்னா மாணி. பீர்மேட்டில் பிறந்தவர், சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர், வானிலைத் துறையில் பெரிய பொறுப்பு வகித்தவர். எங்கள் மலைக்கு அந்தப் பக்கத்து அம்மாள் என்று அன்றே தெரிந்திருந்தால் பெஞ்சில் அவரைச் சொந்தக்காரியாகவே ஆக்கியிருப்பார்கள். யாரும் சொல்லவில்லை.

கம்பம் பழகிப்போன பிறகு குழி வந்தது. ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு கொள்கிற மாதிரி சதுரக் குழி. கம்பி கட்டி, ஜல்லி கொட்டி, கான்கிரீட் போட்டு மூடி, மேலே ஆள் உயரப் போல்ட்டுகளை மட்டும் நீட்டிவிட்டுப் போனார்கள். காவலுக்கு ஒரு வாட்ச்மேன். வெளியூர்க்காரர், கழுத்தில் விசில். அவருக்கும் ஒன்றும் தெரியாது என்பது போகப்போகத்தான் புரிந்தது. ஆனால் தெரிந்தும் சொல்லாதவருக்குரிய முகத்தை அவர் வைத்துக்கொண்டிருந்ததால், ஊரில் டீ இலவசமாகக் கிடைத்தது.

"தண்ணி டேங்குக்குடே" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

"ஒத்த வீடு இல்லாத பொட்டல்ல யாருக்குவே டேங்கு? ஓணானுக்கா?"

இந்த இடத்தில் அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் வெறும் கதைகட்டிகள் என்று தோன்றும். பக்கத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. மலைப்பக்கமிருந்து உறுமல் கேட்டால் இடியா என்ஜினா என்று வானத்தைப் பார்ப்போம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பேச்சிப்பாறை அணையிலிருந்து அங்கே தண்ணீர் கொண்டுபோகப் போகிறார்கள் என்று நாஞ்சில் நாட்டு விவசாயிகள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். 1989 மே 1-ம் தேதி கன்னியாகுமரியில் மீனவர் பேரணியில் துப்பாக்கிச் சூடே நடந்தது. நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படை வானத்தைத் தொடும் கம்பங்களை நட்டுக்கொண்டிருந்தது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலோடு பேசுவதற்கான நிலையம். 1990 அக்டோபரில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற பெயரில் திறந்தார்கள். ராத்திரி பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் சிவப்பு விளக்குகள் நட்சத்திரங்களுக்கு நடுவே எரியும்.

சுற்றிலும் இத்தனை நடக்கும்போது, வடலிக்காட்டில் ஒரு ராட்சதக் குழியைப் பார்த்தவன் என்ன நினைப்பான்? பேச்சிப்பாறைத் தண்ணீர்க் குழாய்க்குத் தூண் என்றது ஒரு கட்சி. ராக்கெட்டுக்கு என்றது இன்னொன்று. எதிரி விமானம் வந்தால் கூடங்குளத்துக்கு முன்னாலேயே தடுக்கிற ஏற்பாடு என்றார், பட்டாளத்திலிருந்து வந்திருந்த ஒரு சித்தப்பா. அவர் பட்டாளத்தில் சமையல் பிரிவு. அதைச் சொல்லிக்காட்ட யாருக்கும் துணிச்சல் இல்லை.

வீடுகளுக்குள் ஓடியது வேறு கதை. அஸ்திவாரம் நிற்க வேண்டுமானால் பலி கேட்கும், அதற்குப் பிள்ளை பிடிக்க ஆள் திரிகிறது. பாலம் கட்டினாலும் அணை கட்டினாலும் தென்மாவட்டங்களில் இந்தப் பேச்சு கூடவே வரும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மைமார் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அடைத்தார்கள். பழைய சாக்குப் பையோடு ரோட்டில் நடந்த ஒரு பாவப்பட்ட ஈயம் பூசுகிறவரை நாலைந்து ஊர் தாண்டி விரட்டினார்கள் என்று கேள்வி. அதற்குமேல் இன்னொரு கவலை: கூப்பிடு தூரத்தில் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில். அந்த வழியில் அவளைக் கும்பிடாமல் வண்டி ஓட்டுகிற டிரைவர் அபூர்வம். தன் தலைக்குமேலே உயர்ந்து நிற்கிற ஒன்றை அவள் எப்படிப் பொறுப்பாள்?

ஒரு ஆடிமாதம், நீளமான லாரியொன்று கோயிலுக்கு முன்னால் வந்து நின்றது. அதுவரை அப்படியொரு வண்டியை நாங்கள் பார்த்ததில்லை. வால் இன்னும் வளைவைத் தாண்டவில்லை. பின்னால் பாண்டியன் பஸ்ஸும் செங்கல் லாரிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. டிரைவர் நிதானமாக இறங்கித் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வாங்கி டயரடியில் வைத்தார். லாரியில் கிடந்தவை வெள்ளை வெளேரென்று மூன்று சாமான்கள். ஒவ்வொன்றும் நாற்பதடி நீளம். ஒரு முனை உருண்டை, போகப்போகத் தட்டையாகி, கடைசியில் விரல் கனம். நாங்கள் பையன்கள் தொட்டுப் பார்த்தோம். இரும்பு என்று நினைத்துத் தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். ஓரத்தில் ஒரு முறுக்கு இருந்தது. நேராகச் செய்யத் தெரியாமல் கோணலாக வார்த்துவிட்டார்கள் என்று அண்ணாச்சி உச்சுக்கொட்டினார். அந்த முறுக்கில்தான் காரியமே இருக்கிறது, காற்று அங்கேதான் பிடி கொடுக்கும் என்று சொல்ல அந்த லாரியில் யாருமில்லை.

"ஏரோப்பிளேன் றெக்கைடே" என்றார் பால்காரர். "மூணு றெக்கை வச்ச ஏரோப்பிளேன் எங்கன இருக்கு?" என்று கேட்டவருக்கு அவர் சொன்ன பதில்: "ஒண்ணு ஸ்பேர்."

கிரேன் வந்து எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபிறகும் காத்தாடி உடனே சுற்றவில்லை. காற்று பேயாய் அடிக்கிறது, றெக்கை சும்மா நிற்கிறது. பெஞ்சுக்கு அதைவிட சந்தோஷமான காலம் வாய்த்ததில்லை. இசக்கி பிடித்து நிறுத்திவிட்டாள் என்பது பெரும்பான்மைக் கருத்து. முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் பகுதி மின்வாரிய லைன்மேன். டவரடியில் டிரான்ஸ்பார்மர் வைத்து, கம்பியை ஆரல்வாய்மொழிப் பக்கம் இழுத்த வேலையில் அவரும் இருந்தார்.

"இது நமக்குக் கரண்டு குடுக்கிற கம்பி இல்ல, இங்கேருந்து கரண்டு எடுத்துட்டுப் போற கம்பி. காத்துல கரண்டு எடுக்காவ."

"அப்போ நம்மூர்ல இனிமே கரண்டு போகாது?"

"லைன்ல கரண்டு போச்சுன்னா அதுவும்லா நின்னுரும்."

இதை ஒருவரும் நம்பவில்லை. கரண்டு உண்டாக்குகிற மிஷினுக்கே கரண்டு வேண்டுமா? ஆனால் அவர் சொன்னது நிஜம். அந்தக் காலத்துக் காற்றாலைகளில் இருந்தது தூண்டல் வகை ஜெனரேட்டர். உயிருள்ள மின்கம்பியோடு இணைந்திருந்தால்தான் அது வேலை செய்யும். காற்று மட்டுமீறி, மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டரைத் தொட்டாலும் தானாக நிறுத்திக்கொள்ளும். காற்று இல்லாவிட்டாலும் நிற்கும், அதிகமானாலும் நிற்கும், கரண்டு போனாலும் நிற்கும் என்றால் இது என்ன மிஷினோ என்று அண்ணாச்சி கேட்டதை இன்றைக்கும் என்னால் முழுசாக மறுக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் இது முதலாவதும் அல்ல. 1986-லேயே தூத்துக்குடிக்குப் பக்கம் முள்ளக்காட்டில் மின்வாரியம் காற்றாலைகளை நட்டிருந்தது, அப்புறம் கயத்தாறு. டென்மார்க் நாட்டு உதவியில் 200 கிலோவாட் இயந்திரங்கள் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் ஓட ஆரம்பித்தது 1990 வாக்கில். பெஞ்சில் யாருக்கும் இது தெரியாது. எப்படித் தெரியும்?

சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். 'என்ன இது' என்ற கேள்வி போய், 'இது மழையைத் துரத்துகிறது' என்ற முடிவு வந்தது. கணவாய்க்குக் கிழக்கே, பனகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் ஆனிஆடியில் கருமேகம் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு தூறல்கூடப் போடாமல் ஓடிப்போகும். கீழே பார்த்தால் வெள்ளை றெக்கைகள் விர்ரென்று சுற்றுகின்றன. மேகத்தை விசிறி விரட்டுகிறது என்று தோன்றாதா? றெக்கையின் நுனி எட்டுவது 150 அடிகூட இல்லை. மேகம் போவது பல ஆயிரம் அடிக்கு மேலே. அந்தப் பூமி மலையின் மழைமறைவில் கிடக்கிற பூமி, காத்தாடி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பும் அதற்கு மழை ஐப்பசி கார்த்திகையில்தான். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. மகாராஷ்டிரத்தில் சாத்தாரா, சாங்கிலிப் பக்கத்து விவசாயிகளும் பின்னாளில் இதே புகாரைச் சொன்னார்கள். மழையில்லாத வருஷத்தில், பக்கத்தில் புதிதாக நிற்பது எதுவோ அதன்மேல் பழி விழும்.

தொண்ணூறுகளில் காத்தாடிகள் வடலிகளைவிட அதிகமாகிவிட்டன. போட்ட பணம் முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கணக்கெழுதலாம் என்ற வரிச் சலுகை இருந்ததால், காற்றைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்கூடக் காற்றாலை வாங்கினார்கள். நெசவாலை முதலாளிகள் வந்தார்கள். பெஞ்சுக்கு அடுத்த விஷயம் கிடைத்தது: எது எந்த நடிகருக்குச் சொந்தம்? ரோட்டிலிருந்து மூன்றாவது இந்த நடிகைக்கு, மலையடிவாரத்தில் நிற்பது அந்த ஹீரோவுக்கு. எங்கள் ஊர்ப் பையன்கள் வெளியூர் விருந்தாளிகளுக்கு அதைக் காட்டிக் கொடுத்துச் சர்பத் வாங்கிக் குடித்திருக்கிறோம். நடிகர் பெயர் விருந்தாளிக்குத் தக்கபடி மாறும். ஏக்கருக்குச் சில ஆயிரம் பெறாத பொட்டலுக்குத் தரகர்கள் அலைந்ததும், அவசரத்தில் விற்றவர்கள் பிறகு வயிற்றெரிச்சல் பட்டதும் அதே வருஷங்களில்தான்.

சாக்குப் படுதா போய்விட்டது, முக்கு டீக்கடை நான்குவழிச் சாலைக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பழைய சின்னக் காத்தாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரிய இயந்திரங்களை நிறுத்த வழிசெய்யும் கொள்கையை அரசு 2024-ல் அறிவித்திருக்கிறது. இப்போது வருபவை முந்நூறு அடி உயரத்துக்கும் மேலே நிற்பவை. மறுபடியும் குழி தோண்டுவார்கள். மறுபடியும் நீள லாரி வந்து இசக்கியம்மன் கோயில் வளைவில் நிற்கும்.

நட வருகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். குழி தோண்டுகிற அன்றைக்கே பக்கத்தில் ஒரு பலகை நடுங்கள். தமிழில் எழுதுங்கள்: இது என்ன, யாருடையது, எவ்வளவு உயரம், சத்தம் எவ்வளவு வரும், மழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா இல்லையா, சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்பது. பலகை வைத்துவிட்டால் ஊர் பேசாமல் இருந்துவிடாது, இருக்கவும் வேண்டாம். கேட்கிறவர்களுக்கு "கவர்மெண்டு வேலை" என்பதைவிட ஒரு வரி கூடுதலாகப் பதில் கிடைத்தால் போதும்.