நடையும் நாமும்

தமிழில் ‘நடை’ என்னும் சொல் பொருள்வளம் மிக்கது. எழுதும் முறையும் நடை, ஒழுகலாறும் நடை. இலக்கிய நடை பற்றி அறிஞர் பலர் எழுதும் இம்மலரில், காலால் நடக்கும் நடையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அளவறிந்து உண்ணுதலையும், உண்டது செரித்தபின் உண்ணுதலையும் வலியுறுத்திய அப்பெருமகனார், உடற்பயிற்சி பற்றி அதில் ஒன்றும் கூறினாரில்லை. ஏர் பிடித்தும் நீர் இறைத்தும் வாழ்ந்த மக்களுக்கு அதனைத் தனியே சொல்லத் தேவை இல்லாதிருந்தது போலும்.

நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த என் தந்தையாரும் அத்தகைய உழைப்பாளியே. தோல் பதனிடும் தொழிலில் நாள் முழுதும் நின்றும் சுமந்தும் உழைத்தார். அவ்வுழைப்பால் கல்வி பெற்ற என் தமையனார்க்குச் செம்பூரில் நல்ல வீடும், நாற்காலியில் அமர்ந்து செய்யும் பணியும் வாய்த்தன. ஐம்பத்திரண்டாம் வயதில் மாரடைப்பு அவரைக் கொண்டு சென்றது. எண்பது வயதுத் தந்தை, மகனின் உடலருகே சொல்லிழந்து நின்றார்.

ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கொண்டு உலகிற்கு விதி வகுத்தல் கூடாது. குடிவழி, உணவு, புகைப்பழக்கம் எனக் காரணங்கள் பலவாகும். எனினும், 1953ஆம் ஆண்டில் ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு சிந்திக்கத்தக்கது. இலண்டனின் ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் அமர்ந்தே இருந்தார். நடத்துநரோ ஓயாது படியேறி இறங்கினார். வண்டி ஒன்று, வழியும் ஒன்று. ஆயினும் நடத்துநர்களிடையே இதயநோய் குறைவாகவே காணப்பட்டது. 1937 முதல் பம்பாயில் ஓடிய ஈரடுக்குப் பேருந்துகளில் சென்றோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1968இல் கென்னத் கூப்பர் எழுதிய நூலால் ‘ஏரோபிக்ஸ்’ என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. உயிர்வளியை மிகுதியாகப் பயன்கொள்ளும் பயிற்சி என்பது அதன் பொருள். விரைந்து நடக்குங்கால் தசைகள் உயிர்வளியை வேண்டுகின்றன. அதனை வழங்கி வழங்கி இதயம் வலுப்பெறுகிறது. பின்னர், ஓய்வில் குறைந்த துடிப்பே அதற்குப் போதுமானதாகிறது. குருதியிலுள்ள சர்க்கரையைத் தசைகள் ஈர்த்துக்கொள்கின்றன. இரத்த அழுத்தமும் தணிகிறது. நீரிழிவும் இதயநோயும் இளவயதிலேயே பற்றும் தெற்காசியர்க்கு இது சிறு நன்மையன்று. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும் என்பது 2020இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூறிய அளவு. நடக்கும்போது பேச இயல வேண்டும், பாட இயலலாகாது. அதுவே உரிய வேகம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உடையவர் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் நலம்.

மாட்டுங்காவில் ஐந்து தோட்டங்களின் மர நிழல் உண்டு. செம்பூரில் டைமண்ட் கார்டன் உண்டு. தாராவியை அடுத்து, முன்னாளில் குப்பைமேடாய் இருந்த நிலத்தில் எழுந்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா உண்டு. ஆயினும், தாராவிச் சந்துகளில் குடம் சுமந்து ஏணியேறும் தாய்மார்க்கு நடையை யாரும் கற்பிக்க வேண்டா. அவர்க்கு வேண்டுவது ஓய்வு.

அறிவுரை நாற்காலியில் அமர்ந்துவிட்ட நமக்கே உரியது. தந்தையர் வியர்வை சிந்தி நமக்குத் தேடித் தந்த நாற்காலி நன்று. நாள்தோறும் அரைமணி நேரம் அதனை விட்டு எழுதல் அதனினும் நன்று.