மாமாவின் ஐம்பது

மாமா ஸ்டுடியோவை மூடியபோது என் கையில் ஒரு லென்ஸைக் கொடுத்தார். கேனான் 50 எம்எம், எஃப் 1.8. 1990-இல் வந்த மாடல், எடை 130 கிராம்தான். ஃபிலிம் கேமராவில் அதை மாட்டித்தான் எங்கள் வீட்டு ஆட்களை எல்லாம் எடுத்திருந்தார். நான் அதை ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆரில் போட்டுப் பதினோரு வருஷம் எடுத்தேன். அத்தனை வருஷமும் ஒரு நெருடல் இருந்தது. அம்மாச்சி வீட்டுக் கூடத்தில் அவளை எடுக்க வேண்டுமானால் பின்னால் போய்க்கொண்டே இருப்பேன். முதுகு சுவரில் முட்டும். கடைசியில் நிலைப்படி தாண்டித் திண்ணைக்கு வந்து, அங்கிருந்து உள்ளே பார்த்து எடுப்பேன்.

லென்ஸில் ஒரு குறையும் இல்லை. ஃபிலிமின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். என் டிஎஸ்எல்ஆரின் சென்சார் 22.3-க்கு 14.9. லென்ஸ் அனுப்பும் காட்சியில் நடுத்துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு ஓரத்தையெல்லாம் அது விட்டுவிடும். 50 எம்எம் லென்ஸ் 80 எம்எம் போலப் பார்க்கும்.

போன வாரம் ஈஓஎஸ் ஆர்பி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2019-இல் 1,299 டாலர் விலையில் கேனான் கொண்டுவந்த ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ், 26 மெகாபிக்சல். பேட்டரியும் கார்டும் சேர்த்து 485 கிராம். கையில் எடுத்ததும் இவ்வளவு சின்னப் பெட்டிக்குள்ளா ஃபிலிம் அளவு சென்சார் இருக்கிறது என்றுதான் தோன்றியது. லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன். டிஎஸ்எல்ஆரில் மிரர் என்கிற கண்ணாடி இருந்த இடம் இதில் காலி. சென்சார் முகத்துக்கு நேரே பளபளக்கிறது. தூசி விழுந்துவிடுமோ என்ற பயத்தில் உடனே மூடிவிட்டேன். இனி லென்ஸ் மாற்றும்போதெல்லாம் பாடியைக் குப்புறப் பிடிக்க வேண்டும்.

மாமாவின் லென்ஸ் இதில் நேராகப் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டரில் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை. வெறும் குழாயும் மின் தொடர்புக்கான சில முனைகளும்தான். பழைய கேமராவில் மவுண்டுக்கும் சென்சாருக்கும் 44 மில்லிமீட்டர் இடைவெளி. மிரர் கண்ணாடி எழுந்து மடங்க அந்த இடம் தேவைப்பட்டது. கண்ணாடி போனதும் 20 மில்லிமீட்டர் போதும் என்றாகிவிட்டது. மிச்சம் 24 மில்லிமீட்டரை அடாப்டர் நிரப்புகிறது. பழைய லென்ஸ் தனக்குப் பழக்கமான தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாச்சி வீட்டுக்குப் போனேன். முற்றத்து வெயில் கூடத்தில் பாதிவரை விழுந்திருந்தது. வெள்ளைச் சேலையில் தூணருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இந்த வெளிச்சத்தில் அந்தச் சேலை எத்தனையோ முறை வெளிறிப்போய் மடிப்பே தெரியாமல் விழுந்திருக்கிறது. எடுப்பேன், திரையைப் பார்ப்பேன், திருத்தி மறுபடி எடுப்பேன். அதற்குள் அவள் முகம் மாறியிருக்கும். இப்போது வ்யூஃபைண்டருக்குள்ளேயே வெளிறல் தெரிகிறது. சக்கரத்தை மூன்று சொடுக்குத் திருப்பினேன். சேலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவளுடைய தடித்த மூக்குக்கண்ணாடியைத் தாண்டி ஒரு சின்னக் கட்டம் கண்ணின் மேல் போய் நின்றது. லென்ஸ் அதே பழைய கர்ர் சத்தத்தோடு அதைப் பின்தொடர்ந்தது.

டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியாக நிஜ வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் பார்ப்பது ஒரு குட்டித் திரை. அடுப்படி இருட்டில் அது புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. அந்த ஒன்றை மட்டும் நான் இழந்திருக்கிறேன். பேட்டரிக்குச் சொல்லப்படும் கணக்கு 250 படம், அதனால் இன்னொன்று வாங்கத்தான் வேண்டும். 4கே வீடியோவில் இந்தக் கேமராவும் நடுத்துண்டை மட்டுமே எடுக்கும். வீடியோவுக்காகத் தேடுகிறவர்களுக்கு இதை வாங்கும்படி நான் சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது அந்தக் கூடம்.

பின்னால் நகரவில்லை. அம்மிக்கல் பக்கத்தில் நின்றேன். இரண்டு தூணும், நடுவில் அம்மாச்சியும், சுவரில் தாத்தா படமும் ஒன்றாக உள்ளே வந்தன. கண்ணாடி அடிக்கும் சத்தம் இல்லாததால் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எடுத்துட்டியாய்யா, இல்லையா?”

“எடுத்துட்டேன் அம்மாச்சி.”

“சத்தத்தையே காணோம்.” மறுபடி கீரைக்குக் குனிந்தாள்.

இந்தக் கூடத்தில் மாமா எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. அதே இரண்டு தூண். நடுவில் தாத்தாவும் அம்மாச்சியும் நிற்கிறார்கள், அவளுக்கு முடி கறுப்பாக இருக்கிறது. மதியம் புதுப் படத்தை மாமாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“மாப்ளே, எங்க நின்னு எடுத்த?”

“அம்மிக்கல்லு பக்கத்துல மாமா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“நானும் அங்கனதான் நின்னேன்.”