கூலிக்கு அரைக்கும் வீடு: அரியாலையின் மா ஆலைகள்

யாழ்ப்பாண நகரின் கிழக்கே கண்டி வீதி ஊடறுத்துச் செல்லும் அரியாலையில் ‘மில்’ எனும் சொல் நூற்பாலையையோ சீனி ஆலையையோ குறிப்பதில்லை. வீட்டு வளவின் ஓரத்தில் தகரக் கூரையின் கீழ் ஒரு குடும்பம் இயக்கும் சிறு அரைவைக் கொட்டிலையே அது குறிக்கும். இங்கு நடைபெறுவது ‘கூலிக்கு அரைத்தல்’, அதாவது தானியம் கொண்டுவருபவருக்கே உரியதாக இருக்க, அரைத்த உழைப்புக்கு மட்டும் கிலோக் கணக்கில் பணம் பெறும் முறையாகும். ஒருவர் அரிசி இன்னொருவர் மாவோடு கலவாதிருப்பதே இத்தொழிலின் முதல் அறமாதலால், அக்குடும்பத்தின் மீது ஊர் கொண்டுள்ள பற்றும் அதிலிருந்தே தொடங்குகிறது.

அரைவையின் நுட்பம் இரு இரும்புத் தட்டுகளுக்கு இடையேயுள்ள இடைவெளியில் தங்கியுள்ளது. ஒரு தட்டு அசையாது நிற்க, மற்றது சுழல, மேலேயுள்ள தகரப் பெட்டியிலிருந்து இறங்கும் அரிசி நடுவே நசுங்கி, வாயிலில் கட்டிய நீண்ட துணிக்குழாய் வழியே மாவாக விழுகிறது. உடன்வரும் காற்று துணியூடே கசிந்து விடுகிறது. திருகி நெருக்கினால் மா மென்மையாகும், அளவு மீறினால் சூடேறி மணம் கெடும். புட்டுக்கும் இடியப்பத்துக்குமென ஊறவைத்து வடித்த பச்சையரிசியில் ஈரம் மிகுந்தால் அது தட்டில் அப்பிக்கொள்ளும். இவற்றை அளக்கக் கருவி இல்லை. விழும் மாவைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்துப் பார்ப்பதே அளவை.

தூளுக்கெனத் தனி இயந்திரம் இல்லாத கொட்டிலில் வரிசை முக்கியமானது: வெள்ளை மா முதலில், குரக்கன் அடுத்து, பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்திய ஒடியல் அதன்பின், வீட்டில் வறுத்தெடுத்த செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம் சேர்ந்த கறித்தூள் கடைசியில். ஒவ்வொரு வீட்டின் தூளும் விகிதத்தில் வேறுபடுவதால், தும்மலோடு காத்திருக்கும் பெண்கள் தம் தூள் இறங்கி முடியும்வரை அகல்வதில்லை. உரிமையாளரை ‘அண்ணை’ என்றும் அவர் மனைவியை ‘அக்கா’ என்றும் அழைக்கும் உறவும் அக்காத்திருப்பிலேயே வளர்கிறது.

1990இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையும் மின்துண்டிப்பும் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்தபோது, டீசலும் மண்ணெண்ணெயும் அருகி, உரலும் உலக்கையும் திரிகையும் முற்றத்துக்குத் திரும்பின. 1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய பேரிடப்பெயர்வில் இலட்சக்கணக்கானோர் செம்மணி, நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நடந்தனர். தலையில் ஏற்றவியலாத இயந்திரம் விட்டுச் செல்லப்பட்டவற்றுள் ஒன்றாயிற்று.

இன்று பொதி செய்த தூள் கடைகளில் கிடைத்தும், லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் உறவினர் அனுப்பும் பொதிகளில் மில்லில் அரைத்த தூளே பெரும்பாலும் இடம்பெறுவது, சுவையை மட்டும் பொறுத்ததன்று. கடைப்பொதி எவருக்கும் பொதுவானது. மில்லில் இறங்கும் தூளோ வறுத்த கையை அறிந்தது. அரைவை முடிந்ததும் துணிக்குழாயை இருமுறை தட்டி, மடிப்பில் தங்கிய கடைசித் தூளையும் உரியவரின் பாத்திரத்திலேயே உதிர்ப்பதில் அந்த வேறுபாடு கண்கூடாகிறது.