யாரும் பார்க்கவில்லை!

ஞாயிற்றுக்கிழமை என்றால் பலருக்கு உறக்கம், சிலருக்குத் தொலைக்காட்சி. எங்கள் இருவருக்கோ அது காற்று நாள்! காலைத் திருப்பலி முடிந்ததும் இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு, சென்னைத் துறைமுக வாயிலில் அனுமதிச் சீட்டைக் காட்டி உள்ளே நுழைந்துவிட்டால், மாலைவரை எங்களைத் தேட வேண்டாம். "பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கடலில் என்னடி வேலை?" என்று கேட்ட பாட்டிகூட இப்பொழுது, "இன்னைக்குக் காத்து எப்படி?" என்று விசாரிக்கப் பழகிவிட்டார்கள்.

நாங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்பவர்கள். கடலில் ஒரே படகில் செல்பவர்கள். ஒருத்தி சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிப்பாள். மற்றவள் முன்பாயின் கயிற்றைக் கவனிப்பாள். ஒருத்தி கோபித்துக்கொண்டு பேசாமலிருந்தால் படகு நகராது. ஆகவே எங்கள் சண்டைகளெல்லாம் கரையிலேயே முடிந்துவிடும். ஒரேயொரு சண்டையைத் தவிர! அதைப் பற்றித்தான் எழுத வந்தோம்.

சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு விளையாட்டு நூறாண்டுக்கும் மேற்பட்டது. துறைமுகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-ஆம் ஆண்டில் இங்கே ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கி வைத்தார். மறு ஆண்டு, 1912-இல், அவருடைய அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த இளைஞர்தான் கணித மேதை ராமானுஜன்! கணக்கில் தடுமாறும் எங்களுக்கு இச்செய்தி தனி ஆறுதல். ராமானுஜன் வேலை பார்த்த துறைமுகத்தின் தண்ணீரிலாவது நாங்கள் மிதக்கிறோம் அல்லவா?

எங்கள் சென்னையில் 1997-இல் பிறந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவர் படகோட்டினார். அவரைப் பற்றிய செய்தியை வெட்டி எங்கள் அறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

முதன்முதலில் நாங்கள் ஏறியது 'ஆப்டிமிஸ்ட்' என்னும் குட்டிப் படகில். குளியல் தொட்டிபோல் இருக்கும். நீளம் ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர். 1947-இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்கென்றே வரைந்த படகு அது. முதற் பாடம் என்ன தெரியுமா? கவிழ்வது! படகை வேண்டுமென்றே கவிழ்த்து, அடிப்பலகையின்மேல் ஏறி நின்று, நம் எடையால் அதை மீண்டும் நிமிர்த்த வேண்டும். உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்தே தைரியம் வந்தது.

இப்பொழுது ஓட்டுவது 'என்டர்பிரைஸ்' என்னும் இருவர் படகு. ஜாக் ஹோல்ட் என்பவர் 1956-இல் வரைந்தது. நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். அதன் பாய்கள் நீல நிறம். அன்னை மரியாளின் மேலாடை நிறம் என்று முதல் நாளே எங்களுக்கு அதன்மீது தனிப் பற்று. கடலின் விண்மீன் என்று நாம் அழைக்கும் தாயல்லவா அவள்!

காற்று தள்ளும் பக்கம்தானே படகு போகும், எதிரே எப்படிப் போகும் என்று தோழியர் கேட்பதுண்டு. ஈரமான வேப்பங்கொட்டையை இரு விரலால் அழுத்தினால் அது முன்னால் எகிறிப் பாயுமே, அப்படித்தான். காற்று பாயை ஒரு பக்கம் தள்ள, நீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகை படகைப் பக்கவாட்டில் போகவிடாமல் தடுக்க, அது வழுக்கிக்கொண்டு முன்னே ஓடும். ஆயினும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. சாய்வாக வலப்புறம் கொஞ்சம், இடப்புறம் கொஞ்சம் என்று மலைப்பாதைபோல் வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும்.

அந்த ஜனவரி ஞாயிறு காலையில் காற்றே இல்லை. கொடி துவண்டு தொங்கியது. மாஸ்டர் தேநீர் குடித்துக்கொண்டே, "பொறுங்க, தரை சூடாகட்டும்" என்றார். புவியியல் பாடத்தில் படித்ததுதான். தரை கடலைவிட விரைவில் சூடேறும். அதன்மேலுள்ள காற்று மேலெழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பதினோரு மணிக்குமேல் நீர்ப்பரப்பில் கருநிறச் சிலிர்ப்பு ஒன்று ஓடி வந்தது. கிழக்கிலிருந்து வரும் கொண்டல்! நாங்கள் ஓடிப்போய் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டோம்.

மூன்றே படகுகள், ஆறு பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் இருவர் ஒரு படகில். எட்டாம் வகுப்புத் தங்கைகள் இருவர் மற்றொன்றில். கோப்பையுமில்லை, பதக்கமுமில்லை. வென்றவர்களுக்கு மற்ற நால்வரும் மெரினாவில் மிளகாய் பஜ்ஜி வாங்கித்தர வேண்டும், அவ்வளவே. ஆனால் ஆண்டு முழுவதும் அக்காமாரே வென்றிருந்தார்கள். பொதுத்தேர்வுக்காக அவர்கள் விடைபெறும் கடைசி ஞாயிறு அது. இன்று முந்தாவிட்டால் என்றுமே முந்த முடியாது!

ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி, நான்கு நிமிடத்தில் மற்றொன்று, பிறகு ஊதல். மூன்று மிதவைகளையும் இடப்பக்கம் விட்டு இரண்டு சுற்று வரவேண்டும். புறப்படும்போது வழக்கம்போல் நாங்களே கடைசி. வலப்பக்கக் காற்றில் வந்த அக்காமார் "ஸ்டார்போர்ட்!" என்று முழங்க, நாங்கள் விலகி வழிவிட்டோம். அது விதி.

இரண்டாம் சுற்றில் அதிசயம் நடந்தது. ஒரு பெரிய சரக்குக் கப்பலின் மறைவுக்குள் போய்விட்ட அக்காமாரின் பாய் சுருங்கித் தளர்ந்தது. மரத்தடியில் வெயில் விழாததுபோல் கப்பலடியில் காற்று விழாது. நாங்கள் மறுபக்கம் போயிருந்தது திறமையால் அல்ல. முதலில் திரும்ப மறந்ததால்! காற்று எங்களை அள்ளிக்கொண்டு போயிற்று. முதல் மிதவைக்கு நாங்களே முதலில் வந்தோம்.

அங்கேதான் அது நிகழ்ந்தது. ஆசையில் மிக நெருக்கமாகத் திரும்பினோம். இடப்பக்கம் நீண்டிருந்த பாய்க்கட்டை மிதவையின் தலையை மெல்லத் தடவிச் சென்றது. 'தொப்' என்று சிறு ஓசை. மிதவை ஒருமுறை தலையாட்டிவிட்டு நின்றது.

மிதவையைத் தொட்டால் தண்டனை உண்டு. உடனே விலகிப்போய், படகை ஒரு முழு வட்டம் சுற்ற வேண்டும். ஆனால் விசில் ஊத நடுவர் யாரும் கூட வருவதில்லை. தொட்டவரே அறிந்து, தொட்டவரே சுற்ற வேண்டும். மாஸ்டரின் படகு தூரத்தில். அக்காமாரின் பார்வையை அவர்களுடைய பாயே மறைத்தது.

"சுத்தணும்டி" என்றாள் எங்களில் ஒருத்தி.

"யாரும் பார்க்கல" என்றாள் மற்றவள்.

"நாம பார்த்தோமே!"

"தொட்டுச்சா, காத்துல ஆடுச்சா? உனக்கு உறுதியா தெரியுமா?"

இருவருக்கும் உறுதியாகத் தெரியும். யார் எதைச் சொன்னது என்று இங்கே எழுதப் போவதில்லை. சொன்னவளும் பேசாமலிருந்தவளும் ஒரே படகில்தான் இருந்தோம். வாதாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மிதவை வந்துவிட்டது. 'உடனே' என்னும் நேரம் கடந்துவிட்டது.

நாங்கள் முதலில் வந்தோம். ஊதல் ஒலித்தது. அக்காமார் எங்கள் படகருகே வந்து, "சபாஷ்டி! கடைசி நாள்ல கவுத்துட்டீங்களே!" என்று கைதட்டினார்கள். பொறாமையே இல்லாத அந்தக் கைதட்டல்தான் எங்களைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

கரையேறிப் பாய்களை இறக்கினோம். நல்ல தண்ணீரால் படகைக் கழுவினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் பாவமன்னிப்பு மன்றாட்டில் மார்பில் தட்டிக்கொள்கிறோமே, அன்று காலையும் தட்டினோமே என்ற நினைவு வந்தது. மார்பில் தட்டுவது எவ்வளவு எளிது! வாய் திறந்து ஒரு மனிதரிடம் சொல்வது எவ்வளவு கடினம்!

கடைசியில், பஜ்ஜி வாங்கப் புறப்படும் நேரத்தில், இருவரும் மாஸ்டரிடம் போய் நின்றோம். "மாஸ்டர், ரெண்டாவது சுத்துல மிதவையைத் தொட்டுட்டோம். சுத்தல." எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை.

அவர் திட்டுவார் என்று அஞ்சினோம். அல்லது, உண்மையைச் சொல்வோம், பாராட்டுவார் என்று உள்ளூர எதிர்பார்த்தோம். இரண்டும் நடக்கவில்லை. பென்சிலை எடுத்து எங்கள் பெயரை அடித்தார். எதிரே 'விலகல்' என்று எழுதினார். "சரி. பாயை நனைச்சு வைக்காதீங்க, காயப் போடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அக்காமார் முதல், தங்கைகள் இரண்டாம் இடம், நாங்கள் மூன்றாம் இடத்திலும் இல்லை. மெரினாவில் எங்கள் காசில் எல்லாரும் மிளகாய் பஜ்ஜி தின்றோம். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. காரம்தான் என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டோம். ஆனாலும் அந்தப் பஜ்ஜி தொண்டையில் இறங்கிற்று. வென்றவர்களாகத் தின்றிருந்தால் இறங்கியிருக்காது.

அக்காமாரை இனி முந்த முடியாது, அவர்கள் போய்விட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் தேர்வறையில் பக்கத்துத் தாள் கண்ணில் படும்போதும், கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிடும்போதும், அந்த மிதவை எங்களுக்குள் ஒருமுறை தலையாட்டுகிறது. 'உடனே' என்பது மிகச் சிறிய நேரம், தோழியரே! அதைத் தவறவிட்டால் பிறகு சுற்றும் வட்டம் மிகப் பெரிது. காற்றையும் கடலையும் தந்த இறைவன், அடுத்த முறை எங்களுக்கு உடனே திரும்பும் மனத்தையும் தருவாராக!