மிதவை

அரூர் பஸ் நிலையத்தில் குடிக்கிற காப்பியில் 49 சதம் வரை சிக்கரி இருக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. அதைத்தான் இத்தனை வருஷமாகக் காப்பி என்று நம்பியிருந்தேன். காப்பிச் செடியோ எங்கள் வாணியாறு பிறக்கிற சேர்வராயன் மலையிலேயே நிற்கிறது. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்தது என்பார்கள்.

போன ஜனவரியில் மஞ்சவாடிக் கணவாய் தாண்டி, குப்பனூர் வழியாக மேலே போனேன். ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பம், ஒன்றரை ஏக்கர். சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகு, அடியில் அராபிகா. கூலியாள் கிடையாது. மாமியாரும் மருமகளும் பழுத்ததை மட்டும் பறிக்கிறார்கள். ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் இருக்கும். சிவப்பை எடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வரவேண்டும். பறித்ததைத் தொட்டித் தண்ணீரில் கொட்டினால் நல்லது அமிழும், சொத்தை மிதக்கும். மிதந்ததை அரித்துத் தனியே காயவைக்கிறார்கள்.

எனக்குக் கொடுத்த காப்பி அந்த மிதவையில் வறுத்தது. வெல்லம் போட்ட கடுங்காப்பி. நல்லதை வறுத்துக் குடித்ததில்லையா என்று கேட்டேன். "அது விக்கறதுக்குங்க" என்றார் அந்த அம்மா. குறையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. எனக்குத்தான் குறையாகப் பட்டது.

இதை ஏழ்மை என்று எழுதி முடித்துவிடலாம். நம் கதைகள் முடித்துவிடும். ஆனால் அவர் பழத்தை விரலால் லேசாக அமுக்கிப் பார்ப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகச் சிவந்திருந்த சிலவற்றையும் விட்டுவிட்டார். ஏன் என்றால், "இன்னும் ஆவலைங்க." வேறு விளக்கம் இல்லை. பெங்களூரிலோ இத்தாலியிலோ ஒருவன் உறிஞ்சிப் பார்த்து இதன் தரத்துக்கு மார்க்குப் போடுகிறான். இந்த விரல் முன்பே தீர்மானித்ததைத்தான் அவன் நாக்கு கண்டுபிடிக்கிறது. இருவருக்கும் நடுவே பேச்சே கிடையாது.

1942லிருந்து விளைந்ததெல்லாம் காப்பி போர்டுக்கு. பணம் தவணை தவணையாய் வரும். 1996இல் அந்தக் கட்டு முழுக்க அவிழ்ந்தது. இப்போது யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். இந்த வீட்டுக்கு வருகிற வியாபாரி ஒரே ஒருவர். கொப்பைப் பிடித்துப் பச்சையும் பழமுமாய் ஒரேயடியாக உருவிய பக்கத்துத் தோட்டத்துக்கும் இதற்கும் ஒரே விலை போட்டாராம்.

பின் எதற்கு இத்தனை பொறுக்கல் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். இருநூறு பிரதி போகிற பத்திரிகைக்காக ஒரு வரியை நாலு தடவை திருத்துகிறவன் கேட்கிற கேள்வியா அது.

கிளம்பும்போது மருமகள் ஒரு பொட்டலம் தந்தார். வறுக்காத கொட்டை. வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒன்றில்கூடச் சொத்தை இல்லை. வாணலி இருக்கிறது. இன்னும் வறுக்கவில்லை.