பொய்ப்பல்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன மாதம் என் முன்பற்கள் இரண்டைப் பிடுங்கிய பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு விளங்கிற்று. 'சரி' என்று சொல்ல வாயெடுத்தால் வெறும் காற்றுதான் வந்தது. பேனா பிடிக்கிறவனுக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. ஊதிப் பிழைக்கிறவன் என்ன செய்வான்? பங்க் ஜான்ஸனின் ஞாபகம் வந்தது.

பங்க், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பர். ஜாஸ் சங்கீதத்தின் ஆரம்ப நாட்களிலேயே அங்கே டிரம்பெட் ஊதியவர். டிரம்பெட்டுக்குச் சீவாளி கிடையாது; உதடுதான் சீவாளி. உதட்டுக்கு முட்டுக் கொடுப்பவை முன்பற்கள். 1931-ல் லூயிசியானாவின் சிற்றூர் ஒன்றில் நடந்த நடனத்தில், அவருடைய கோஷ்டித் தலைவரை மேடையிலேயே குத்திக் கொன்றுவிட்டார்கள். அந்த அமளியில் பங்க்கின் வாத்தியம் நொறுங்கிற்று. சில வருஷங்களில் பற்களும் போயின. நியூ ஐபீரியா என்ற ஊரில் கூலி வேலை செய்து காலம் தள்ளினார்.

ஜாஸின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டிருந்த சிலர் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். பல்லும் வாத்தியமும் கிடைத்தால் இன்னும் ஊதுவேன் என்று பதில் வந்தது. கிளாரினெட் மேதை சிட்னி பெஷேயின் அண்ணன் ஒரு பல் வைத்தியர். அவர் பல் கட்டிக் கொடுத்தார். 1942-ல் பங்க் முதன்முதலாக இசைத்தட்டுக்கு ஊதினார். 1945-ல் நியூயார்க்கில் அவரைக் கேட்கக் கூட்டம் கூடிற்று. 1949-ல் நியூ ஐபீரியாவிலேயே காலமானார்.

தாம் பிறந்தது 1879 என்று சொல்லிக்கொண்டார் பங்க். பத்து வருஷம் கூட்டிச் சொல்லிவிட்டார் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் பலர் கருதினார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஜாஸின் ஆதி புருஷராகக் கருதப்படும் பட்டி போல்டன் 1907-ல் சித்தம் கலங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர். அவர் ஊதிய இசைத்தட்டு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவரோடு சேர்ந்து ஊதினேன் என்று சொல்ல வயசு வேண்டியிருந்தது. கேட்க வந்தவர்களுக்கும் அப்படி ஒரு கிழவர் தேவைப்பட்டார்.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நேற்று இரவு அவருடைய தட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டேன். சில இடங்களில் தடுமாறுகிறார், ஆனால் அவசரப்படவில்லை. பத்து வருஷம் வாய் மூடிக் கிடந்த மனிதர் எப்படிப் பேசுவாரோ அப்படி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக ஊதுகிறார். பல் பொய். வயசும் பொய்யாக இருக்கலாம். மூச்சு அவருடையது.

நாளைக்கு எனக்குப் பல் கட்டுகிறார்கள்.